கிணற்று நீரும் மேற்கோள் கணக்கும்

இந்த நூற்றாண்டு மலருக்கென ஒரு பட்டியல் தயாரிக்கும் பொறுப்பு எம்மிடம் ஒப்படைக்கப்பட்டது. விஞ்ஞான, மருத்துவத் துறைகளில் ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்ட எமது பழைய மாணவியரின் பட்டியல் அது. இப்போது எல்லாமே கணினியில் கிடைக்கிறதே, இரண்டு வாரத்தில் முடித்துவிடலாம் என்றுதான் எண்ணினோம். ஆறு மாதமாயிற்று. பட்டியல் இன்னும் முடியவில்லை.

இடர்ப்பாடு ஆய்வில் இல்லை, பெயரில் இருந்தது. எமது சேர்விடாப்பில் ஒரு பெண்ணுக்கு ஒரு பெயர். பல்கலைக்கழகப் பட்டமளிப்பில் அதே பெயர் தந்தையின் பெயரோடு நீண்டு நிற்கிறது. திருமணத்தின் பின் தந்தையின் இடத்தில் கணவரின் பெயர் வருகிறது. புலம்பெயர்ந்த நாட்டின் குடிவரவு அதிகாரி முன்பின்னாக மாற்றி எழுதியது நான்காவது பெயர். கந்தையாவின் மகள் கமலா என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். ஒரு கட்டுரையில் அவர் 'கமலா, க.' என்று நிற்பார், அடுத்ததில் 'கந்தையா, க.' ஆகிவிடுவார். கந்தையா ஐயா வாழ்நாளில் ஓர் ஆய்வுகூடத்தின் வாசற்படி மிதித்திருக்க மாட்டார், ஆனால் விஞ்ஞானி என்று பதிவாகியிருப்பவர் அவர்தான். நாம் சிரித்தோம். பிறகு, அப்படித் தொலைந்தவர்கள் எம்மில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை.

ஒருவருடைய ஆய்வு வாழ்வை முதலிலிருந்து பின்தொடர்ந்து பார்த்தால் இந்த மேற்கோள் கணக்கு எப்படி எழுகிறது, எங்கே பிசகுகிறது என்பது விளங்கும் எனத் தோன்றியது. அதற்கு நாம் எடுத்துக்கொண்டவர் நிர்ப்பீடனவியல் அறிஞர் ரஞ்சன் இராமசாமி. அவர் எமது பழைய மாணவி அல்லர் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆயினும் அவருடைய பிற்காலக் கட்டுரைகள் சிலவற்றின் தரவு எமது குடாநாட்டுக் கரையோரக் கிணறுகளிலிருந்தும், கைவிடப்பட்ட வள்ளங்களில் தேங்கிய தண்ணீரிலிருந்தும் எடுக்கப்பட்டது. உலகின் எந்த மூலையில் அக்கட்டுரை படிக்கப்பட்டாலும் அங்கே யாழ்ப்பாணத்தின் பெயர் இருக்கிறது.

மலேரியாவை நேரில் அறியாத இளைய சகோதரியருக்காகச் சிறிது பின்னோக்கிச் செல்ல வேண்டும். 1934-35இல் இலங்கையில் பரவிய மலேரியா ஏறக்குறைய 80,000 உயிர்களைக் கொண்டுபோனது. இரண்டாம் உலகப் போரின் முடிவில் டி.டி.ரி. வந்தது. தோளில் தெளிகருவியோடு வீடுவீடாக வந்தவர்களையும், சுவரில் படிந்த வெண்மையையும், படங்களையும் பாய்களையும் முற்றத்துக்கு எடுத்துப்போட்ட அமளியையும் எம்மில் மூத்தவர்கள் இன்றும் சொல்வர். 1963இல் நாடு முழுவதிலும் பதிவான நோயாளர் 17 பேர் மட்டுமே. வெற்றி கிட்டிவிட்டதென்று தெளிப்பதைத் தளர்த்தினார்கள். 1968-69இல் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் படுக்கையில் விழுந்தனர். 1987இல் தொகை 6 இலட்சத்து 70 ஆயிரத்தைத் தாண்டியது. போர்க்காலத்தில் வடக்கும் கிழக்குமே நோயின் பெருஞ்சுமையைத் தாங்கின. குளோரோகுயின் குளிசையின் கசப்பு எமது தலைமுறையின் நாவில் இன்னமும் இருக்கிறது. உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளர் 2012 ஒக்ரோபரில் பதிவானார். 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என உறுதிப்படுத்தியது.

இந்த ஏற்ற இறக்கத்தின் நடுவேதான் இலங்கையின் மலேரியா நிர்ப்பீடன ஆய்வு வளர்ந்தது. ஆனால் இராமசாமி தொடங்கியது மலேரியாவில் அல்ல.

1974இல் 'நேச்சர்' சஞ்சிகையில் இராமசாமி, அலன் மன்றோ, சேசர் மில்ஸ்ரைன் ஆகிய மூவரும் ஒரு சிறு கட்டுரை எழுதினர். எமது குருதியிலுள்ள பி நிணநீர்க்குழியங்களே பிறபொருளெதிரிகளை உண்டாக்கும் பரம்பரைக்கு உரியவை. அவற்றின் மேற்பரப்பிலேயே பிறபொருளெதிரியின் வாற்பகுதியைப் பற்றிக்கொள்ளும் ஒரு வாங்கியும் உண்டு. தான் செய்யும் பொருளையே தான் பிடித்து வைத்திருப்பது எதற்காக? இதுவே அவர்கள் எழுப்பிய வினா. அடுத்த ஆண்டில் அதே சஞ்சிகையில், வேறிருவருடன் சேர்ந்து, அந்த வாலின் எந்தத் துண்டு வாங்கியில் பிணைகிறது என்று எழுதினார். இறுதித் துண்டே அது என்பது அவர்களது முடிவு. பின்வந்த ஆய்வுகள் பிணைப்பின் முக்கிய இடம் அதற்குச் சற்று மேலே, பிணையலை ஒட்டிய பகுதியில் உள்ளது என்று காட்டின. இதனை நாம் குறையாகச் சொல்லவில்லை. ஒரு கட்டுரையைத் திருத்துபவரும் அதனை மேற்கோள் காட்டித்தான் திருத்த வேண்டும். மேற்கோள் எண்ணிக்கை உடன்பட்டவர்களின் தொகை அல்ல என்பதற்காகவே இதனைக் குறிப்பிடுகிறோம்.

அந்த மில்ஸ்ரைன்தான் 1975இல் கேலருடன் சேர்ந்து ஒற்றைவகைப் பிறபொருளெதிரிகளைச் செய்யும் முறையை வெளியிட்டவர். 1984இல் நோபல் பரிசும் பெற்றார். இன்று கர்ப்பப் பரிசோதனைக் குச்சி முதல் மார்பகப் புற்றுநோய் ஊசிமருந்து வரை அந்த முறையின் வழிவந்தவை. ஆனால் குச்சியைப் பயன்படுத்தும் எவரும் 1975ஆம் ஆண்டுக் கட்டுரையை மேற்கோள் காட்டுவதில்லை. ஒரு கண்டுபிடிப்பு எல்லோருக்கும் உரிய பொது அறிவாகிவிட்டால் மேற்கோள்கள் மெல்ல நின்றுவிடும். தோசைக்கு உழுந்து ஊறப்போட முதலில் சொன்னவரின் பெயரை யார் கேட்கிறார்கள்!

எண்பதுகளில் இராமசாமியின் கட்டுரைகள் மலேரியாவுக்குத் திரும்பின. நோயின் ஒட்டுண்ணி எமது செங்குழியங்களுக்குள் பெருகி, அவற்றை வெடித்துக்கொண்டு வெளியேறி, அடுத்த குழியத்துக்குள் நுழையுமுன் சில கணங்கள் மாத்திரம் குருதியில் வெளிப்பட்டு நிற்கும். பிறபொருளெதிரி அதனைப் பிடிக்கக்கூடிய நேரம் அதுதான். அந்நேரத்தில் அது போர்த்திருக்கும் போர்வை எதனால் ஆனது என்பதே தடுப்பூசி தேடியவர்களின் கேள்வி. 1987இல் அவர் வெளியிட்ட கட்டுரை அப்போர்வையிலுள்ள ஒரு 45 கிலோடால்ற்றன் புரதத்தை இனங்காட்டியது. அது கொழுப்பமிலம் கொண்ட ஒரு நங்கூரத்தால் ஒட்டுண்ணியின் மென்சவ்வில் மாட்டப்பட்டிருக்கிறது. அடுத்த ஆண்டில் அவுஸ்திரேலியாவிலிருந்து வேறு குழுக்களும் இப்புரதத்தைப் பற்றி எழுதின. அதற்கு எம்.எஸ்.ஏ.2 என்று பெயர் வைத்தார்கள். பின்னர் அது எம்.எஸ்.பி.2 ஆனது. இன்றைய மாணவி அந்தப் பெயரைத் தட்டித் தேடினால், எடையை மட்டும் சொல்லி எழுதப்பட்ட 1987ஆம் ஆண்டுக் கட்டுரை முதலில் வந்து நிற்காது. பெயர் மாறியதால் பின்தள்ளப்படுவது பெண்களுக்கு மட்டும் நேர்வதில்லை என்று எம்மில் ஒருவர் சொன்னார்.

அப்புரதம் தடுப்பூசியாகவும் முயன்று பார்க்கப்பட்டது. பப்புவா நியூகினியில் 5 முதல் 9 வயதுவரையான 120 பிள்ளைகளிடம் நடத்திய பரிசோதனை 2002இல் வெளிவந்தது. மூன்று புரதங்களைச் சேர்த்த ஊசியில் எம்.எஸ்.பி.2உம் ஒன்று. முன்கூட்டி மலேரியா மருந்து கொடுக்கப்படாத பிள்ளைகளில் ஊசி போட்டவர்களின் குருதியில் ஒட்டுண்ணியின் அடர்த்தி 62 வீதம் குறைந்தது. ஆனால் அப்புரதத்தில் இரண்டு பெரும் குலங்கள் உண்டு. ஊசியில் இருந்தது ஒரு குலம். ஊசி போட்ட பிள்ளைகளில் அந்தக் குலத்து ஒட்டுண்ணி குறைய, மற்றக் குலத்தால் வந்த நோய் கூடியது! முன்வாசலைப் பூட்டினால் பின்வாசலால் வருகிற விருந்தாளி அது. 1998இல் இராமசாமி எழுதிய நீண்ட மீளாய்வுக் கட்டுரையின் பொருளும் இதுவே: மலேரியா ஒட்டுண்ணி எமது நிர்ப்பீடனத்தை எந்தெந்த வழிகளால் ஏய்க்கிறது என்பது.

அவர் கண்டி ஹந்தானையிலுள்ள அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தில் பணியாற்றிய தொண்ணூறுகளில் இன்னொரு வழியையும் தேடினார்கள். அந்த வழியை விளக்காமல் விட எமக்கு மனமில்லை. நுளம்பு எமது குருதியை உறிஞ்சும்போது அதிலுள்ள பிறபொருளெதிரிகளும் அதன் வயிற்றுக்குள் போகின்றன. நுளம்பின் குடலையே தாக்கும் பிறபொருளெதிரி அக்குருதியில் இருந்தால் என்னாகும்? மந்திரி இராமசாமியும் ரஞ்சன் இராமசாமியும் 1990இல் எலிகளின் மலேரியாவை வைத்து இதனைப் பரிசோதித்து எழுதினர். 1995இல் அக்குழு மனிதருக்கு வரும் வைவாக்ஸ் மலேரியாவைக் கொண்டு செய்து, நுளம்பு நோயைக் காவும் திறன் குறைவதைக் காட்டியது. இவ்வகை ஊசி போட்டுக்கொண்டவருக்கு நேரடியாக ஒரு பயனும் இல்லை. அவரைக் கடித்த நுளம்பு அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு நோயைக் கொண்டுபோகாது, அவ்வளவுதான். அயலுக்காகப் போட்டுக்கொள்ளும் ஊசி.

அதே காலத்தில் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் கமினி மென்டிஸ் வேறொரு பக்கத்திலிருந்து இதே வாசலைத் தட்டிக்கொண்டிருந்தார். பெண்கள் கல்லூரியின் மலரில் அவரைக் குறிப்பிடாமல் கடந்துபோவது தகாது. வைவாக்ஸ் மலேரியா வந்து தேறியவர்களின் குருதிநீரிலேயே, நுளம்புக்குள் ஒட்டுண்ணி வளர்வதைத் தடுக்கும் பிறபொருளெதிரிகள் இயற்கையாக உண்டாகின்றன என்று அவரது குழு 1987இல் காட்டியது. அடுத்த ஆண்டே இன்னொரு செய்தி: அதே பிறபொருளெதிரிகள் நுளம்புக்குள் பரவலைத் தடுக்கவும் செய்யலாம், கூட்டவும் செய்யலாம். நதீரா கருணாவீரவை முதல் ஆசிரியராகக் கொண்ட 1992ஆம் ஆண்டுக் கட்டுரை, முறைக்காய்ச்சலின் குளிரும் சூடும் குருதியிலுள்ள ஒரு தனிப் பதார்த்தத்தின் ஏற்ற இறக்கத்தோடு நெருங்கிப் பொருந்துவதை எடுத்துக்காட்டியது. போர்வைமேல் போர்வை போட்டும் நடுங்கி, பிறகு எல்லாவற்றையும் உதறி எறிந்து வியர்த்துக் கிடந்த அந்தப் பிற்பகல்களுக்கு இப்படி ஒரு வரைபடம் உண்டென்று அப்போது எமக்குத் தெரியாது. 2001இல் மென்டிஸும் மூவரும் எழுதிய, வைவாக்ஸ் மலேரியாவால் ஆண்டுதோறும் 7 முதல் 8 கோடிப் பேர் பாதிக்கப்படுகின்றனர் என மதிப்பிட்ட கட்டுரை, இன்றுவரை இத்துறையில் ஓயாமல் மேற்கோள் காட்டப்படுகிறது. ஆய்வுகூடத்தில் அரும்பாடுபட்டுச் செய்த முன்னைய கட்டுரைகளைவிட, புறக்கணிக்கப்பட்ட நோயொன்றுக்கு ஓர் எண் கொடுத்த கட்டுரையே பலருக்கும் கைகொடுத்தது. எண் இருந்தால்தான் பணம் கேட்கலாம் என்பது எமது சங்கத்தின் பொருளாளருக்கும் தெரியும்.

இனி, மேற்கோள் கணக்கு என்பது என்ன? ஓர் ஆய்வாளர் தமது கட்டுரையின் இறுதியில் தாம் பயன்படுத்திய முன்னைய கட்டுரைகளைக் குறிப்பிடுவார். அப்படிக் குறிப்பிடப்படுவது ஒரு மேற்கோள். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் இயூஜின் கார்பீல்ட் என்பவர் இவற்றையெல்லாம் பொறியில் தொகுத்து 1964இல் விஞ்ஞான மேற்கோள் சுட்டியை வெளியிட்டார். அவருடைய நோக்கம் ஒரு கருத்து எங்கிருந்து எங்கே போயிற்று என்று தேட உதவுவது. பின்னர் அது ஆட்களை நிறுக்கும் தராசாயிற்று. 2005இல் ஹேர்ஷ் என்ற பௌதிகவியலாளர் 'எச்' சுட்டி என்று ஒன்றை முன்மொழிந்தார். ஒருவருடைய 12 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 12 தடவை மேற்கோள் காட்டப்பட்டிருந்து, 13க்கு அது பொருந்தாவிட்டால் அவருடைய சுட்டி 12. நியமனமும் பதவியுயர்வும் ஆய்வு நிதியும் இப்போது பல இடங்களில் இந்த எண்ணைப் பார்க்கின்றன.

எமது கமலாவுக்கு வருவோம். அவருடைய 12 கட்டுரைகளும் ஒவ்வொன்றும் 12 தடவை மேற்கோள் காட்டப்பட்டவை என்போம். ஆறு தந்தையின் பெயரிலும் ஆறு கணவரின் பெயரிலும் இருந்தால், கணினி கண்டுபிடிப்பது இரண்டு பெண்களை. ஒவ்வொருவருக்கும் சுட்டி 6. ஒருவரே இரண்டு சிறு விஞ்ஞானிகளாக உடைந்துபோகிறார். பிள்ளைப்பேற்றுக்காக ஒதுக்கிய ஆண்டுகளையும் இடப்பெயர்வில் இழந்த ஆண்டுகளையும் கணினி எப்படியும் கணக்கில் எடுக்காது. அதன்மேல் இதுவும் ஒன்று.

இராமசாமி என்ற பெயருக்கும் இதன் மறுபக்கமான தொல்லை உண்டு. தமிழ்நாட்டிலும் மலேசியாவிலும் எத்தனை இராமசாமிகள்! 'இராமசாமி, ஆர்.' என்று தேடினால் நெல் ஆய்வாளரும் வேதியியலாளரும் பொறியியலாளரும் சேர்ந்து வந்து நிற்பர். கூட்டினால் ஒரு மாபெரும் விஞ்ஞானி தோன்றிவிடுவார். மந்திரி இராமசாமியின் கட்டுரையை ரஞ்சன் இராமசாமியினதாக ஒருவர் கவனயீனமாக எண்ணிவிடவும் கூடும். இடையில் இருப்பது ஓர் எழுத்துத்தான். இவற்றைத் தீர்க்கவே 2012இல் ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் 16 இலக்கங்கள் கொண்ட அடையாள எண் கொடுக்கும் ஏற்பாடு ஒன்று தொடங்கப்பட்டது. அதற்கு முன் எழுதியவர்கள் தாமாகவே தேடிச் சேர்த்துக்கொள்ள வேண்டும். மறைந்தவர்களுக்காக அதைச் செய்ய யாருமில்லை.

மேற்கோள் தொகை நாளுக்கு நாள் மாறுவது, களஞ்சியத்துக்குக் களஞ்சியம் வேறுபடுவது. ஆகவே இராமசாமியின் தொகையை இங்கு நாம் அச்சிடவில்லை. அவருடைய 1997ஆம் ஆண்டுக் கட்டுரையொன்றைப் பற்றி மட்டும் சொல்லிக்கொள்கிறோம். பசு, எலி, நாய் முதலியவற்றின் உடற்கலங்களில் உள்ள ஒருவகைச் சர்க்கரை அமைப்பு மனிதனிலும் ஆபிரிக்க, ஆசியக் குரங்குகளிலும் இல்லை. அதைச் செய்யும் நொதியம் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் செயலிழந்துவிட்டது. அதற்கு எதிரான பிறபொருளெதிரி எம் எல்லோரிடமும் உண்டு. இந்த இழப்புக்கும் மலேரியாவுக்கும் தொடர்பிருக்கலாம் என்று அவரும் இன்னொருவரும் எழுதினர். 17 ஆண்டுகள் கழித்து, 2014இல், போர்த்துக்கல்லைத் தளமாகக் கொண்ட ஒரு குழு, குடலில் வாழும் பற்றீரியாக்கள் தூண்டும் அதே பிறபொருளெதிரி எலிகளை மலேரியாவிலிருந்து காப்பதாகப் பரிசோதித்துக் காட்டியபோதுதான் அக்கேள்விக்குப் புதிய உயிர் வந்தது. நெடுநாள் உறங்கிப் பின் விழிக்கும் கட்டுரைகள் உண்டு. மூன்றாண்டுக்கொரு தடவை கணக்கெடுக்கும் நிருவாகத்துக்கு அவை அகப்படுவதில்லை.

இப்போது எமது கிணறுகளுக்கு வருகிறோம். நன்னீரில்தான் டெங்கு நுளம்பு முட்டையிடும் என்று நாம் படித்தோம், படிப்பித்தோம். உயர்தர விலங்கியல் வகுப்பில் குடம்பியைக் காட்டிய ரீச்சரும் அப்படித்தான் சொன்னார். பூச்சாடித் தட்டு, சிரட்டை, ரயர், தயிர்ச்சட்டி என்று நாம் கவிழ்த்து வைத்ததெல்லாம் மழைநீர் தேங்குபவை. சவர்த்தண்ணீரை யாரும் சந்தேகிக்கவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியல் துறையைச் சேர்ந்த சி. நோபிள் சுரேந்திரனும் புரூணைப் பல்கலைக்கழகத்தில் அப்போதிருந்த இராமசாமியும் இன்னும் சிலரும் சேர்ந்து முதலில் மட்டக்களப்பு நகருக்கு அருகே, சுனாமி பாதித்த பகுதியில் ஓர் உவர்நீர்த் தேக்கத்தை ஆறு மாதங்கள் பதினைந்து நாட்களுக்கொரு முறை அகப்பையால் அள்ளிப் பார்த்தனர். நன்னீருக்கே உரியது என்று கருதப்பட்ட பிரதான மலேரியா நுளம்பின் குடம்பிகள் அதில் இருந்தன. 2010இல் அது வெளிவந்தது.

அடுத்த ஆண்டுக் கட்டுரை யாழ்ப்பாணத்தினுடையது. நகரக் கரையோரத்தில் எறியப்பட்ட பிளாஸ்ரிக், கண்ணாடிப் பாத்திரங்கள், கைவிட்ட மீன்பிடி வள்ளங்கள், பாவனையற்ற கிணறுகள் ஆகியவற்றில் ஆயிரத்துக்கு 2 முதல் 15 பங்குவரை உப்புள்ள நீரில் இரண்டு வகை டெங்கு நுளம்புகளின் குடம்பிகளையும் கண்டனர். ஒப்பிட்டுப் பார்க்க: கடல்நீரில் உப்பு ஏறக்குறைய ஆயிரத்துக்கு 35 பங்கு. அந்நீர்நிலைகளின் அயலில் டெங்கு ஒப்பளவில் அதிகமாகவும் இருந்தது. நன்னீரை மட்டும் தேடிக்கொண்டிருக்கும் சுகாதார அதிகாரிகள் உவர்நீரையும் பார்க்க வேண்டும் என்று அக்கட்டுரை முடிவில் கேட்டுக்கொண்டது. இலவசமாக எவரும் படிக்கக்கூடிய சஞ்சிகையில் அது வந்தது என்பதில் எமக்குத் தனி மகிழ்ச்சி. பிறிஸ்பேனிலோ கேம்பிரிட்ஜிலோ நூலகத்தில் பூட்டிக்கிடந்த எழுபதுகளின் கட்டுரையை எமது மாணவி பார்த்திருக்க முடியாது. இதை எமது இன்றைய உயர்தர வகுப்புப் பிள்ளை கைத்தொலைபேசியில் படிக்கலாம்.

2014இல் குடாநாட்டின் இரண்டு இடங்களில் உவர்நீரிலிருந்தும் நன்னீரிலிருந்தும் பிடித்த ஒரே இன நுளம்புகளை வளர்த்து ஒப்பிட்டனர். உவர்நீரிலிருந்து வந்தவை உப்பைக் கூடுதலாகத் தாங்கின. 2021இல் வந்த கட்டுரை, உப்புக்குப் பழகிய நுளம்பின் புறத்தோலும் அதன் புரதங்களும் எவ்வாறு வேறுபடுகின்றன என்று ஆராய்ந்தது. அரை நூற்றாண்டுக்கு முன் குழியத்தின் மேற்பரப்பில் தொடங்கியவர், ஒட்டுண்ணியின் போர்வையைக் கடந்து, நுளம்பின் தோலுக்கு வந்து சேர்ந்திருக்கிறார் என்று சொல்ல எமக்கு ஆசை. வெளிப்புறத்தில் என்ன இருக்கிறது என்பதே எல்லாவற்றிலும் கேள்வி. இடையே 2022இல், கொவிட் கிருமியை மூக்கின் நிர்ப்பீடனம் எதிர்கொள்ளும் விதம் பற்றியும் தனியாக ஒரு மீளாய்வு எழுதினார்.

இந்த நுளம்புக் கதை எமக்கு ஏன் முக்கியம் என்பதை விளக்க வேண்டியதில்லை. எமக்கு ஆறில்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் தங்கும் மழைநீர் கடல்நீரின்மேல் ஒரு மெல்லிய படையாக மிதக்கிறது. நீரிறைக்கும் பம்பி வந்தபின் அளவுக்கு மீறி இறைத்து, கரையோரக் கிணறுகள் பல உவர்த்துப்போயின. கடல்மட்டம் உயர்ந்தால் இன்னும் உவர்க்கும் என்று இராமசாமியும் சுரேந்திரனும் 2012இலேயே எழுதினர். உவர்த்த கிணற்றை நாம் கைவிட்டு மூடாமல் போகிறோம். அது எவருக்கும் உதவாது என்பது எமது எண்ணம். நுளம்பின் எண்ணம் வேறு.

இன்னொன்று. இலங்கை மலேரியா அற்ற நாடு என்ற உறுதிப்பாட்டைப் பெற்றது 2016 செப்ரெம்பரில் என்று மேலே சொன்னோம். அதே ஆண்டு டிசெம்பரில், இந்திய நகரங்களின் கிணறுகளிலும் தொட்டிகளிலும் வாழ்ந்து மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்ரீபென்சி என்ற நுளம்பு முதன்முறையாக மன்னாரில் பிடிபட்டது. பின்னர் யாழ். நகரிலும் காணப்பட்டது. அது எங்கிருந்து எப்படிப் பரவுகிறது என்பதை யாழ்ப்பாணக் குழு தொடர்ந்து எழுதிவருகிறது. 2012இல் ஜிபுற்றியில் தோன்றிய அதே நுளம்பு இன்று ஆபிரிக்கக் கொம்பு நாடுகளை அச்சுறுத்துவதால், அங்குள்ளவர்களும் எமது குடாநாட்டுத் தரவைத் தேடிப் படிக்கிறார்கள். மன்னாரில் பிடித்த குடம்பி எதியோப்பிய நகரத்தில் மேற்கோளாகிறது.

அக்குடம்பியை அள்ளியவர் யார்? ஆசிரியர் வரிசையில் முதற்பெயரையும் இறுதிப்பெயரையும்தான் உலகம் படிக்கிறது. நடுவில் நிற்கும் பெயர்களே அதிகாலையில் மோட்டார் சைக்கிளில் போய், முழங்காலளவு சேற்றில் நின்று, அகப்பையும் போத்தலுமாகத் திரும்பி வந்தவை. கண்ணை நோகவைத்து நுணுக்குக்காட்டியில் மயிரெண்ணி இனம் பிரித்தவையும் அவைதாம். அந்த நடுப்பெயர்களில் பெண் பெயர்களும் உண்டு. எமது பட்டியலில் நாம் இதுவரை உறுதிப்படுத்திய பழைய மாணவியரில் பெரும்பாலோரும் நடுப்பெயர்க்காரிகளே. முதற்பெயராக வந்தவர்களை மட்டும் போடலாமே என்று குழுவில் ஒரு யோசனை வந்தது. ஏற்கவில்லை. மேற்கோள் எண்ணைப் பெயருக்கு எதிரே போடலாம் என்ற யோசனையையும் நீண்ட விவாதத்தின் பின் கைவிட்டோம். கட்டுரையின் பொருள் ஒரு வரியில் இருக்கும், எண் இராது.

பட்டியல் முடியாததால் மலரின் இறுதிப் பக்கத்தில் ஒரு படிவம் இணைத்துள்ளோம். கல்லூரிப் பதிவில் உள்ள பெயர், பட்டத்தில் உள்ள பெயர், திருமணத்தின் பின் வந்த பெயர், நீங்கள் இப்போது வாழும் நாட்டில் பதிவான பெயர், ஆய்வு எந்த ஊரில் நடந்தது, யாரோடு நடந்தது என்று கேட்டிருக்கிறோம். மறைந்த சகோதரியருக்காக அவர்களுடைய பிள்ளைகள் நிரப்பி அனுப்பலாம். அம்மாவின் அலுமாரியில் பழைய மறுபதிப்புகள் கிடந்தால் முதற்பக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்கள். பெயர்கள் எத்தனை ஆனாலும் அத்தனையும் எழுதுங்கள். இடம் போதாவிட்டால் பின்பக்கத்திலும் எழுதலாம்.